பெனடிக்ட் கரைசலும் பி-2 பரீட்சையும்

எங்கள் தொழிலில் 'ஆன்சைட்' என்று ஒரு சொல் இருக்கிறது. சென்னையில் 2010-களில் ஐ.டி. வேலைக்குப் போன யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் அதைக் கோயில் விபூதிபோல விரல்நுனியில் எடுத்துக் காட்டுவார். கல்யாணச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. நானும் போனேன். ஒன்றரை வருடம், நியூ ஜெர்சி. டிக்கெட் கம்பெனி எடுத்தது, விசாவுக்கு வக்கீல் வைத்தது கம்பெனி, குளிருக்குக் கோட்டு வாங்கக்கூட ஒரு தொகை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து நான் எழுதிய கோடு, பாண்டி பஜார் காபிக் கடையில் உட்கார்ந்தும் எழுதக்கூடிய கோடுதான். எனக்கு ஆங்கிலம் வருமா என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. என் இன்ஜினியரிங் பட்டம் அங்கே செல்லுமா என்று எந்த அரசாங்கமும் கடிதம் போட்டுக் கேட்கவில்லை. என்ன கற்றுக்கொண்டு வந்தாய் என்றும் யாரும் கேட்கவில்லை. நயாகரா பார்த்தியா என்று கேட்டார்கள்.

இது எதுவும் எனக்கு விசேஷமாகத் தெரிந்ததில்லை, சித்தி பெண் நர்ஸிங் படிக்கும்வரை.

திண்டிவனம் பக்கத்து ஊர் அவளுக்கு. பி.எஸ்ஸி. நர்ஸிங், நாலாம் வருடம். ஆஸ்பத்திரிப் பயிற்சி சென்னையில் போட்டதால் மந்தைவெளியில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். வீட்டின் ஒரே அலமாரியில் பாதியை இப்போது அவளுடைய கேஸ் ஷீட்டுகளும், வெள்ளைக் கோட்டும், ஒரு ஜெர்மன் அகராதியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. போன வருடம் அவள் கல்லூரியில் 'குளோபல் ஹெல்த் வாய்ப்புகள்' என்று ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. பெயரைப் பார்த்துவிட்டு, உலகத்து நோய்கள், தொற்றுகள், போர்க்களங்களில் நர்ஸ்கள் என்றெல்லாம் சொல்லித்தருவார்கள் என்று ஆசையாகப் போனாளாம். காலையில் குத்துவிளக்கு. அப்புறம் மூன்று மணி நேரம், எந்த நாட்டில் எவ்வளவு சம்பளம் என்று ஸ்லைடு. மதியம் சாம்பார் சாதம். முடிவில் ஒரு கூகிள் ஃபார்ம்.

"அவ்ளோதான்ணா குளோபல் ஹெல்த்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கருத்தரங்கு நடத்தியவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட செவிலியர் நிலை அறிக்கைப்படி, 2023-இல் உலகத்தில் இருந்த நர்ஸ்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம். பற்றாக்குறை 58 லட்சம். ஏழு நர்ஸ்களில் ஒருவர் வேற்று நாட்டில் பிறந்தவர். பணக்கார நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த விகிதம் இன்னும் அதிகம். உலகத்துக்கு ஆள் வேண்டியிருக்கிறது, நம்மிடம் ஆள் இருக்கிறது. நடுவில் கருத்தரங்கு நடக்கத்தானே செய்யும்.

நான் சொல்ல வருவது வேறு. நர்ஸிங் படிக்கும் ஒரு பெண்ணுக்கு 'உலகம்' என்பது எந்த வாசல் வழியாக வருகிறது என்று இந்த ஒரு வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் வாசல் மயிலாப்பூரில் இருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமம். படித்து முடித்தவர்கள் இங்கே பதிவு செய்து எண் வாங்கினால்தான் நர்ஸ். வெளிநாடு போவதென்றால், இவர் எங்களிடம் பதிவு செய்தவர்தான், இவர் மேல் புகார் ஏதும் இல்லை என்று இங்கிருந்து சான்று போகவேண்டும். அவளுடைய சீனியர் ஒருத்திக்குத் துணையாக ஒருமுறை போயிருந்தேன். பிளாஸ்டிக் ஃபோல்டரை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள், சிலர் கையில் குழந்தை, கூட வந்த அப்பாக்கள் நிழல் தேடி ஓரமாக. நாகர்கோவிலில் இருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த ஒருவர் ஜெராக்ஸ் கடை எங்கே என்று என்னிடம் கேட்டார். அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் சாந்தோம் தேவாலயம். கடல் கடந்து இங்கே வந்து, இங்கேயே அடக்கமானவர் என்று நம்பப்படுகிற தோமையார் இருக்கும் இடம். அந்தக் காலத்து ஆன்சைட். அவரிடம் யார் சான்றிதழ் கேட்டார்களோ.

இரண்டாவது வாசல் தியாகராய நகர். உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடி. காலை ஆறரை மணிக்கு ஜெர்மன் வகுப்பு. தி.நகரில் அந்த நேரத்தில் ஷட்டர்கள் எல்லாம் மூடியிருக்கும். நடைபாதையில் பூக்கட்டுகிறவர்களும் இந்தப் பெண்களும்தான். ஒரு வகுப்பில் முப்பது, நாற்பது பேர். முக்கால்வாசி நர்ஸ்கள். நைட் டியூட்டி முடித்து நேராக வந்தவர்கள் பின் பெஞ்சில். "டெர், டீ, தாஸ்" என்று கோரஸாகச் சொல்வது கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், பெண் குழந்தை அலிப்பால். இந்தக் கடைசி விஷயத்தில் அவளுக்கு ஜெர்மன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

முன்பு எல்லோரும் இங்கிலாந்துக்குத்தான் கிளம்பினார்கள். 2022-இல் இந்தியாவும் பிரிட்டனும் சுகாதாரப் பணியாளர்கள் பற்றி ஒப்பந்தம்கூடப் போட்டன. 2024-க்குப் பிறகு அங்கே ஆள் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓ.ஈ.டி. என்கிற ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே திரும்பி ஜெர்மன் பக்கம் வந்தது. எங்கள் துறையில் ஜாவா ஆட்கள் எல்லோரும் ஒரே வருடத்தில் பைத்தானுக்கு மாறியதுபோல. ஆனால் நாங்கள் மாறியது ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் செலவில். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெற பெரும்பாலும் பி-2 நிலை வேண்டும். ஏ-1-இல் தொடங்கி நாலாவது படி. ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து ஏற ஒரு வருடம் ஆகிவிடும்.

பணம் என்று வரும்போதுதான் மூன்றாவது வாசல். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏஜென்ட்டைச் சித்தி பார்த்துவிட்டு வந்தாள். பெயர் வேண்டாம். நாலு லட்சம் கேட்டார். அரை ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று சித்தி என்னிடம்தான் முதலில் கேட்டாள். சட்டப்படி, பதிவு செய்த ஏஜென்ட் ஒருவரிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். மொத்தம் 35,400. அதைச் சொன்னதும் சித்தி, "அது சட்டத்துல இருக்கும்டா, அவர் ஆபீஸ்ல இல்லியே" என்றாள்.

இதற்கென்றே தமிழ்நாடு அரசுக்கு 1978 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது, அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ரொம்ப காலம் அது அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி சாலையில் இருந்தது. இப்போது கிண்டி. 2014-இல் இராக்கின் திக்ரித் நகரில் 46 இந்திய நர்ஸ்கள் சண்டைக்கு நடுவில் சிக்கி, ஜூலை 5-ஆம் தேதி கொச்சிக்குப் பத்திரமாகத் திரும்பியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கேரளம். ஒருவர் தூத்துக்குடி. அவர்களில் பலர் கடனை வாங்கித்தான் போயிருந்தார்கள். அடுத்த வருடம், குடியேற்ற அனுமதி தேவைப்படுகிற பதினெட்டு நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தப் பட்டியல் வளைகுடாவையும் அந்த மாதிரி நாடுகளையும் பற்றியது. ஜெர்மனி அதில் கிடையாது. அதனால்தான் அந்த நாலு லட்ச ரூபாய் ஏஜென்ட் நிம்மதியாக இருக்கிறார்.

முத்துலட்சுமி சாலை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டியும் 1925-இல் அரசு உதவித்தொகையில் லண்டன் போனவர்தான். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் படிக்க. போவதற்குச் சில வருடம் முன்புதான் தங்கை புற்றுநோயில் இறந்திருந்தார். திரும்பிவந்து, சட்டமன்ற மேலவை, அவ்வை இல்லம் என்று பல வேலைகள் பார்த்து, 1954-இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். அவர் படித்த படிப்புக்கு யாரும் 'குளோபல் ஹெல்த்' என்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் போவதும் வருவதும் சேர்ந்த ஒரு வட்டம் அதில் இருந்தது. இன்று நர்ஸிங் மாணவிகளுக்கு நாம் காட்டுகிற படத்தில் போகிற பாதி மட்டும்தான் இருக்கிறது. வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

கஷ்டம் ஏன் என்றால், கணக்கு அப்படி. அவளுடைய சீனியர்களுக்கு நகரத்தின் நடுத்தரத் தனியார் மருத்துவமனைகளில் கிடைத்த தொடக்கச் சம்பளம் 12,000, 14,000. ஓர் இடத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டு, இரண்டு வருடம் கழித்துத்தான் தருவோம் என்றார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுக்கக் கூடாது என்றது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணையாக. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. அரசு வேலையாவது கிடைத்தால் போதும் என்பார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்ஸ்கள் உட்கார்ந்து போராடியதை அண்ணா சாலையில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தவர்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். அந்த வருடம் எங்கள் கம்பெனி டீம் டின்னர் பில் அதைவிட அதிகம். இப்படி இருக்கும்போது, நாட்டுக்குச் சேவை செய் என்று இருபத்தோரு வயதுப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதுவும் நயாகரா பார்த்துவிட்டு வந்தவனுக்கு.

சரி, போகிறவர்கள் அங்கே என்ன கற்கிறார்கள்? எங்களுக்குத் தெரிந்த ஒருத்தி, இவளுடைய சீனியர், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். போன புதிதில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'டெஃபிசிட்பெஷைட்' என்று பெயர். உன் படிப்பை எங்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இன்னின்ன குறைகிறது என்று பட்டியல் போட்ட குறைபாட்டு ஆணை. குறையைப் பயிற்சியாலோ பரீட்சையாலோ நிரப்பினால்தான் முழு நர்ஸ். எங்கள் ஊர் மென்பொருள் மொழியில் இதற்கு கேப் அனாலிசிஸ் என்று பெயர், நாங்கள் அதை வாடிக்கையாளருக்குச் செய்வோம். ஒரு மனுஷிக்குச் செய்து, தபாலில் அனுப்புவார்கள் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அவள் இங்கே ஐ.சி.யூ.வில் இருந்தவள். நரம்பைத் தேடி ஊசி போடுவதில் டாக்டர்களே அவளைக் கூப்பிடுவார்களாம். அங்கே வார்டில் அந்த வேலை பெரும்பாலும் டாக்டருடையது. அவளுக்குக் கொடுத்த வேலை, எண்பது வயதுப் பாட்டியைக் குளிப்பாட்டுவது, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பது. வீடியோ காலில் சொன்னாள்: "முதல் மாசம் பாத்ரூம்ல போய் அழுதேன். வென்டிலேட்டர் பார்த்த கையி, வெண்ணெய் தடவுதுன்னு." எங்கள் வீட்டில் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். அவள் தொடர்ந்தாள். "அப்புறம் யோசிச்சேன். நாலு வருஷப் படிப்பு, மூணு வருஷ வேலை. ஒரு பேஷண்டைத் தலையில இருந்து கால் வரைக்கும் முழுசா நான் குளிப்பாட்டினதே இல்ல. ஊர்ல அதை ஆயா செய்வாங்க, இல்ல கூட வந்த பொண்ணு செய்யும். முதுகுல தோல் எங்க செவந்திருக்குன்னு இப்பத்தான் என் கையால பார்க்கிறேன்." படுக்கைப்புண் வருவதற்கு முன்னால் அந்தச் சிவப்பு வரும். குளிப்பாட்டுகிறவர் கண்ணில்தான் அது முதலில் படும்.

அப்போது நான் கவனித்தது, குறைபாட்டு ஆணை ஒரு பக்கம் மட்டும்தான் எழுதப்படுகிறது என்பது. அறுபது பேர் இருக்கிற வார்டை இரண்டு பேராக ராத்திரி முழுக்கச் சமாளித்தவளிடம் அந்த ஊர் நர்ஸுக்குக் குறைவது என்ன என்று யாரும் பட்டியல் போடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜெர்மனுக்கு மாறுவதற்கு முன் இவள் ஓ.ஈ.டி.க்குப் படித்தபோது, பேச்சுத் தேர்வுக்கு நான்தான் நோயாளி. அதில் நாடகம்போல இரண்டு காட்சி. அட்டையில் சூழ்நிலை இருக்கும், ஐந்து நிமிடம் பேசவேண்டும். நான் சர்க்கரை நோய் வந்த லாரி டிரைவர், நான் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துவந்த அப்பா, நான் ஆபரேஷனுக்குப் பயந்த கிழவர். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் முனகுவேன். என் மனைவி சமையலறையிலிருந்து சிரிப்பாள். அந்தத் தேர்வில் மொழிக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. நோயாளி எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டாயா, அவர் பேசும்போது குறுக்கிட்டாயா என்றெல்லாம் பார்க்கிறார்கள். "உங்களுக்கு இதுல எது ரொம்பக் கவலையா இருக்கு?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் மதிப்பெண் உண்டு. அவள் அதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தாள்.

ஒருநாள் பயிற்சி வார்டில் அதையே தமிழில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி, மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, கத்திக்கொண்டே இருக்கிறார். வலி மாத்திரை கொடுத்தாயிற்று. எல்லோரும் வலி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, உங்களுக்கு எதைப் பத்தி ரொம்பக் கவலை?" என்றாள். பாட்டி கத்தலை நிறுத்திவிட்டு, "வீட்டைப் பூட்டலடீ. ஆம்புலன்சுல தூக்கிப்போட்டு வந்துட்டானுங்க. உள்ள ஆடு கட்டியிருக்கு" என்றார். பக்கத்து வீட்டு நம்பரைக் கண்டுபிடித்துப் பேசவைத்தார்கள். ஆட்டை அவர்கள் முதல் நாளே ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அன்று மதியம் பாட்டி இட்லி சாப்பிட்டார்.

"இந்தக் கேள்வியை எங்க காலேஜ்ல சொல்லித்தரலைன்னு சொல்ல மாட்டேண்ணா. புக்ல இருக்கு. ஆனா அறுபது பெட்டுக்கும் கேட்டா அறுபது ஆடு வருமே, எங்க போய்த் தேடறது?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தேர்வை வடிவமைத்தவர்களிடமும் இருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது அவளுடைய பையைப் பற்றி. சமூக நல நர்ஸிங் என்ற பாடத்துக்கு மாணவிகள் வீடு வீடாகப் போகவேண்டும். அதற்கு ஒரு பை உண்டு, கம்யூனிட்டி பேக். அதைத் திறப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. வீட்டில் சுத்தமான இடம் பார்த்து முதலில் செய்தித்தாள் விரிப்பது, அதன்மேல் பை, கை கழுவ வேண்டியதை மட்டும் எடுத்து, கழுவிவிட்டு வந்த பிறகுதான் மற்றவற்றைத் தொடுவது. உள்ளே தெர்மாமீட்டர், டேப், ஸ்பிரிட் விளக்கு, டெஸ்ட் டியூப், பெனடிக்ட் கரைசல். நீலக் கரைசலில் சில சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும். குளுக்கோமீட்டர் பெட்டிக்கடை மாதிரி எல்லா வீட்டிலும் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று நான் கேட்டேன். "மார்க் இருக்கே" என்றாள்.

அதே பாடத்தில் 'சர்வதேச சுகாதார நிறுவனங்கள்' என்று ஒரு பகுதி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் எப்போது தொடங்கியது, யுனிசெஃப் என்ன செய்யும், செஞ்சிலுவைச் சங்கம் என்ன செய்யும். வரிசையாக ஒப்பித்துக்கொண்டு ஹாலில் நடந்தாள் ஒருநாள் ராத்திரி. 1948, ஜெனிவா, ஆறு மண்டலங்கள். உலக சுகாதாரம் என்றால் ஜெனிவாவில் ஏதோ கட்டடம். அன்று அவளிடம் சேத்துப்பட்டைப் பற்றிச் சொன்னேன்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நால்வரும் சேர்ந்து. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் வழிநடத்தினார். அப்போது டி.பி. என்றால் சானடோரியம். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்னமும் அந்தப் பெயர்தானே. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைக்கு இந்தியா எங்கே போகும்? புதிதாக வந்திருந்த ஐசோனியாசிட், பாஸ் மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சென்னையின் நெரிசலான ஏழை வீடுகளிலிருந்து 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் வீட்டிலேயே. ஒரு வருடம். சானடோரியத்தில் பால், முட்டை, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களில் பலர் வேலைக்குப் போனார்கள், கிடைத்ததைத் தின்றார்கள். முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் பரவியதும் அதிகமாகவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. உலகம் பூராவும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பின்னால் அறுபதுகளில், வாரத்துக்கு இரண்டு நாள் கண்முன்னே மருந்து கொடுத்தால் போதுமா என்று சோதித்துப் பார்த்ததும் இதே மையம்தான். அதிலிருந்து வளர்ந்ததுதான் டாட்ஸ் என்று நாம் சுவரில் எழுதிப் பார்த்த முறை.

இந்த ஆராய்ச்சியின் உயிர், வீட்டுக்குப் போவதில் இருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய், மிச்ச மாத்திரைகளை எண்ணவேண்டும். சிறுநீரைச் சேகரித்து, மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஃபெரிக் குளோரைடு விட்டால், பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீர் நிறம் மாறும். பெனடிக்ட் கரைசலின் ஒன்றுவிட்ட சகோதரி.

அவள் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்த வீட்டுக்குப் போனவங்க யாரு?"

கட்டுரையில் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கிறது. தனி ஆள் பெயர் தலைப்பில் கிடையாது. வாலஸ் ஃபாக்ஸுக்குக்கூட அங்கே இடம் இல்லை, அது ஒருவகையில் அழகான விஷயம். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. வெயிலில் குடிசைக்குக் குடிசை ஏறி இறங்கி, நாலு பேர் பார்க்க ஒரு டி.பி. நோயாளியின் வீட்டு வாசலில் நின்று, அந்தக் குடும்பத்துக்கு அவமானமாகாமல் உள்ளே போய், மாத்திரையை எண்ணிய அந்தக் கைகளைப் பற்றி. அதுதான் அவள் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்கிற வேலை. அதே ஊரில், அதே மாதிரிப் பையோடு.

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டதும் சென்னையில்தான். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, முதுகலை மாணவி நிர்மலா ரத்தம் சேகரித்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் எடுத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். அந்த வேலூருக்கு, 1946-லேயே நர்ஸிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய ஊருக்கு, வெளிநாட்டு மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்கு வருவது பழைய வழக்கம். அவர்கள் ஊர்த் தாளில் அதற்குப் பெயர் 'குளோபல் ஹெல்த்' அனுபவம். மதிப்பெண் உண்டு, கிராமத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது உண்டு. நம் மாணவி அதே கிராமத்துக்குப் போனால் அதற்குப் பெயர் 'ஃபீல்டு போஸ்டிங்'. லாக் புக்கில் கையெழுத்து வாங்கவேண்டும்.

கல்லூரிகள் சேத்துப்பட்டுக்கு ஒரு பஸ் விட்டால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது. இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எழும்பூரிலிருந்து பக்கம். கருத்தரங்கின் குத்துவிளக்குச் செலவில் டீசல் போட்டுவிடலாம். ஆனால் பஸ்ஸில் போய்வந்தால் பி-2 கிடைக்காது, கடன் அடையாது. சித்தியிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்ததைப் பார்த்து, பேச்சை மாற்றிவிட்டேன். நில அடமானம் இப்போதைக்கு நின்றிருக்கிறது. ஏஜென்ட் இல்லாமல், கிண்டி அலுவலகம் வழியாகவே முயற்சி செய்வது என்று முடிவு. வகுப்புக் கட்டணம் என்னுடையது. சித்தி அதைக் கடன் என்றுதான் சொல்கிறாள், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

இந்த மாதம் அவளுக்குச் சமூகப் போஸ்டிங். அடையாறு ஆற்றை ஒட்டிய ஒரு குடியிருப்பு. கொடுத்த ஆறு வீடுகளில் ஒன்றில் டி.பி. சிகிச்சையில் இருப்பவர், நாற்பது வயது, பெயிண்டர். மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வருகிறது. மூன்றாவது மாதம். அவர் மனைவி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். தேதிக்கும் அட்டைக்கும் கணக்கு உதைத்தது. ஒன்பது நாள் மாத்திரை மிச்சம். இவள் அதை லாக் புக்கில் எழுதிவிட்டு வந்திருக்கலாம். நகர்ப்புறச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொன்னாள், அதோடு அவள் கடமை முடிந்தது. மறுநாள் சாயங்காலம் டியூட்டி இல்லாத நேரத்தில் திரும்பவும் போனாள். அவர் இல்லை. அதற்கு அடுத்த நாளும் போனாள். இருந்தார். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, ஏணிமேல் நின்று வேலை பார்க்க முடியவில்லை, அதனால் சைட்டில் வேலை இருக்கிற நாளில் போடுவதில்லை. விஷயம் அவ்வளவுதான். மனைவிக்கே சொல்லவில்லை. காலை வெறும் வயிற்றில் போடாமல் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்து, மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

"எப்படிச் சொன்னாரு? முதல்ல மறைச்சாரே" என்று கேட்டேன்.

"கேட்டேன்" என்றாள். "எது ரொம்பக் கவலைன்னு."

இதனால் மூன்று நாள் ஜெர்மன் வகுப்பு போயிற்று. அதில் ஒருநாள் மாதிரித் தேர்வு. தி.நகர் மாஸ்டர் எனக்குப் போன் செய்து, இப்படி இருந்தால் பி-1 தாண்டுவதே கஷ்டம் சார் என்றார். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஹாலில் விளக்கு எரிந்தது. "வோ டூட் எஸ் வே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். ஏ-1-லேயே வந்துவிடுகிற வாக்கியம்தான், உச்சரிப்பு இன்னும் சரியாக வரவில்லையாம்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, வண்டி சாவி எங்க?"